நாலு சுவருக்குள் ஓர் அழுகை

— அசையாதீங்க. அசைஞ்சா மிச்சம் இருக்கற பலகையும் போயிடும்.

— நான் எங்க அசையறேன்? முழங்கால் வரைக்கும் சேறு. இப்ப கரையேறணும்னா ரெண்டு காலையும் இங்கயே விட்டுட்டுத்தான் வரணும்.

— குளத்து மதகுமேல எதுக்குச் சாஞ்சீங்க?

— சாயணும்னு சாயல, அமீசியா. சும்மா நின்னு பொறாமைப்பட்டுக்கிட்டு இருந்தேன். பொறாமை வந்தா எனக்கு உடம்பு தானா முன்னால சாயுது. நம்ம ராசி, பலகை உளுத்த பலகை.

— உளுத்ததெல்லாம் இல்ல. இப்பத்தான் புதுசா போட்டேன்னு அத்தான் பூசைக்கு முன்னாடி பெருமையா காட்டினாரு.

— அப்ப என் பொறாமைக்கு அவ்வளவு கனம்னு வச்சுக்கோ.

— சிரிப்பு வரல. அங்க பாருங்க, மேய்ச்சல் நிலம் பூரா மீன் துள்ளுது. அடுத்த வாரம் தவக்காலம், கறி தொடக் கூடாது. நோன்பு முடியற வரைக்கும் விண்ட்லோ ஊரே இந்தக் குளத்தை நம்பித்தான் இருக்கு. ஐவோன்னு ஒரு ஆள் வந்தான், ஒரே சாய்வுல அத்தனையையும் புல்லுக்கு விட்டான்னு பேசப் போறாங்க.

— பேசட்டும். உங்க வாரின் அத்தானுக்கு என்ன குறைஞ்சிடும்? இந்தக் குளம் போனா மில்லுக்குப் பின்னால இன்னொரு குளம். அது போனா ஆஷ்கோம்ல ஒண்ணு. அதுவும் போனா ஹோல்ம்ல கடலே இருக்கு. கடலுக்கு மதகு இல்ல, அதனால நான் சாஞ்சாலும் ஒண்ணும் ஆகாது.

— ஆரம்பிச்சிட்டீங்களா?

— ஆரம்பிக்காம? கால் ரெண்டும் மாட்டிக்கிச்சு, வாய்தானே மிச்சம். நீ போய் ஒரு கழி கொண்டா. அதுவரைக்கும் நான் அவர் சொத்தை எண்ணிக்கிட்டு இருக்கேன்.

— கழி இங்கயே கிடக்கு. பிடிங்க.

— இரு, எண்ணி முடிச்சுக்கறேன். விண்ட்லோ. அதுல ஒரு மில். ஊர்ல எவனும் வேற எங்கயும் மாவு அரைக்கக் கூடாது, அரைச்சா ஒவ்வொரு மூட்டைலயும் அவருக்கு ஒரு படி. புறாக்கூண்டு ஒண்ணு. அந்தப் புறாவெல்லாம் என் வயல்ல தின்னுட்டு அவர் தட்டுல போய் விழுது. அப்புறம் ஆஷ்கோம், மான் காட்டோட. ஹோல்ம், உப்பளத்தோட. இத்தனைக்கும் அந்த மனுஷனோட அப்பா அவருக்கு விட்டுட்டுப் போனது என்ன? ஒரு மொட்டைக் குன்று. நாலு ஆடு மேல ஏறினா அஞ்சாவது ஆடு அந்தப் பக்கம் விழுந்துடும்.

— நம்மகிட்ட அந்தக் குன்றுகூட இல்லையே.

— நம்மகிட்டயா? ஒழுகற கூரை, ஒரு ஜோடி உழவு மாடு. அதுலயும் ஒரு மாடு பாதிரியாரோடது. கேளு அமீசியா, இந்த மூணு ஊரும் யாரோடது?

— எங்க பெரியப்பாவோடது.

— பெரியப்பாவுக்கு அப்புறம்?

— ஹாவிஸ் அக்காவோடது. அவருக்கு அவ ஒரே மக.

— ஹாவிஸுக்கு அப்புறம்?

— வருஷா வருஷம் அக்காவோட நினைவுப் பூசை அன்னைக்கு இந்தப் பாட்டைப் பாடணுமா?

— பாடணும். அவளுக்கு அப்புறம் நீ. அவளுக்குக் கூடப்பொறந்தவங்க இல்ல. அப்பா அம்மா இல்லாம அதே வீட்ல வளந்த சித்தப்பா மக நீதான். பொண்டாட்டி கண்ணை மூடிட்டா அவ வீட்டு நிலம் அவ ரத்தத்துக்குத் திரும்பணும், புருஷன் மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பணும். அதுதான் நியாயம். ஆனா நம்ம சட்டம் எழுதினவனுங்க ஒரு ஓட்டை வச்சிருக்கானுங்களே! அவ வயித்துல ஒரு குழந்தை உயிரோட பொறந்து, நாலு சுவருக்குள்ள அது அழுத சத்தம் வெளில நிக்கற ஆம்பளைங்க காதுல விழுந்துட்டா போதும். அடுத்த மூச்சுல அந்தக் குழந்தை போயிட்டாலும் சரி, புருஷன் சாகற வரைக்கும் நிலம் அவனுக்கு. ஒரு அழுகைக்கு மூணு ஊரு! நான் பொறந்தப்ப பக்கத்து ஊருக்குக் கேக்கற மாதிரி அழுதேனாம். எங்கப்பாவுக்கு ஒரு கோழிகூடக் கிடைக்கல.

— அத்தானுக்கு அப்புறம் எனக்குத்தானே வருது. பொறுத்துக்கோங்க.

— பொறுக்கறதா? அவர் சாகற மாதிரியா தெரியுது? காலைல ஒரு பன்றித் தொடை, மத்தியானம் ஒரு வாத்து. இருமல்னா என்னன்னு தெரியாது. போன குளிர்ல ஊரே காய்ச்சல்ல படுத்துச்சு, நானும் படுத்தேன். அவரு குதிரை ஏறி வீடு வீடா கஞ்சி கொண்டு போனாரு. எனக்கும் கொண்டுவந்தாரு. என் பொறாமைக்குப் பத்தியக் கஞ்சி! அந்த மனுஷன் என்னைப் புதைச்சிட்டு, என் சாவுச் சோத்துலயும் ரெண்டு கை கூடப் போட்டுக்குவாரு.

— இதெல்லாம் விடுங்க. அந்த அழுகையைக் கேட்டேன்னு கோர்ட்ல சொன்னது யாரு?

— அதைத்தானே சொல்ல வந்தேன்! நானேதான். என் வாயால. குழந்தை பொறந்தப்ப அவர் வேல்ஸ்ல ராஜாவுக்காகச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தாரு. நான் அவர் வீட்டுச் சேவகத்துல இருந்தேன், நானும் போயிருக்கணும். கிளம்பற அன்னைக்குக் குதிரைல இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டேன்.

— நின்னுக்கிட்டு இருந்த குதிரைல இருந்து.

— ஓடற குதிரைல இருந்து எவன் வேணும்னாலும் விழுவான். அதனால நான் இங்க. பிரசவ அறை ஜன்னலுக்குக் கீழ, கால்ல கட்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல அந்தக் கிழட்டு ஃபுல்க். இந்த ஊர்களுக்கெல்லாம் மேல இருக்கற நம்ம மேல்பிரபுவோட கூட்டாளி, மூணு பொண்டாட்டியைப் புதைச்சவன், குதிரை பாக்க வந்தேன்னு காலைல இருந்தே முற்றத்துல நின்னுக்கிட்டு இருந்தான். அப்பத்தான் கேட்டுது. முதல்ல ரெண்டு சின்ன அழுகை. நடுவுல ஒரு விக்கல். அப்புறம் நீளமா ஒண்ணு. ஃபுல்க் தரையில துப்பினான். ஊத்தி வச்சிருந்த பார்லிக் கள்ளைக்கூடக் குடிக்காம குதிரை ஏறிப் போயிட்டான். நான் தொப்பியைக் கழட்டிட்டேன். பின்னால டார்செஸ்டர்ல ஜூரி பன்னிரண்டு பேருக்கு முன்னாடி வேதப் புத்தகத்துமேல கையை வச்சு அந்த விக்கலைக்கூட விடாம சொன்னேன். நீதிபதி சிரிச்சாரு. பொய் சொல்றவனுக்கு விக்கலெல்லாம் தோணாதுன்னாரு. அவ்வளவுதான், மூணு ஊரும் வாரினுக்கு. கொஞ்ச மாசம் கழிச்சு, நிலமில்லாத நீ எனக்கு. கழிச்சுக் கட்டினாரு.

— யாரைக் கழிச்சு யாருக்குக் கட்டினாரு?

— பாத்தியா, கேள்வி கேட்டா கேள்வி. கல்யாணமான நாள்ல இருந்து ஒண்ணுக்காவது நேர் பதில் சொல்லியிருக்கியா?

— சொன்னதில்லையா? சரி, அப்புறம் சண்டை போடலாம். முதல்ல அந்த ஆட்டைப் பாருங்க. தண்ணி அதோட வயித்தைத் தொட்டுடுச்சு, நகரவே மாட்டேங்குது.

— ஏன்? அதுவும் சேத்துல மாட்டிக்கிச்சா?

— இல்ல. நேத்து அங்கதான் குட்டி போட்டுதாம். செத்த குட்டி. ஆட்டுக்காரர் எடுத்துப் புதைச்சிட்டாரு. இது அந்த இடத்தைவிட்டு வர மாட்டேங்குதுன்னு காலைல சொன்னாரு.

— ஐயோ. அதைப் போய் நான் முக்கிவிட்டேனா? கல்லை எடுத்துப் போடு, பயந்து ஓடும்.

— பயந்தா ஆழத்துக்குப் போயிடும். கொஞ்சம் சும்மா இருங்க. நான் கூப்பிட்டுப் பாக்கறேன்.

— நீ கூப்பிட்டா வருமா? நான் கூப்பிட்டா நீயே வர்றதில்ல.

— உஸ்... ம்மே... ம்மே... க்... ம்மேஏஏஏ...

— அமீசியா, இது...

— வருது பாருங்க! வா, வா என் தங்கம். அப்படித்தான், மேட்டுக்கு ஏறு... ஏறிடுச்சு. அப்பாடா. அந்தப் பக்கமெல்லாம் தேடாதே, குட்டி இங்க இல்ல. என்னை மன்னிச்சுக்கோ. சரி, நீங்க கழியைப் பிடிங்க. என்னங்க? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— இன்னொரு தடவை பண்ணு.

— எதை?

— அந்தச் சத்தத்தை.

— ஆடுதான் ஏறிடுச்சே.

— ஆட்டுக்கு இல்ல. எனக்கு.

— குளிர்ல உளறாதீங்க. கையைக் குடுங்க.

— ரெண்டு சின்னது. நடுவுல ஒரு விக்கல். அப்புறம் ஒரு நீளம்.

— ஆட்டுக்குட்டி அப்படித்தான் கத்தும்.

— எந்த ஆட்டுக்குட்டியும் விக்கினதில்ல, அமீசியா. நான் வேதத்துமேல கை வச்சுச் சொன்ன விக்கல் அது. மாதா மேல சத்தியமா, காதை அறுத்து எறிஞ்சாலும் அந்த விக்கலை மட்டும் நான் மறக்க மாட்டேன். நீ குயில் மாதிரி கூவுவே, காக்கா மாதிரி கத்துவே, பாதிரியார் மாதிரி செருமுவே. எல்லாம் கேட்டிருக்கேன். இதை மட்டும் இத்தனை வருஷமா நீ பண்ணிக் காட்டினதே இல்ல. ஏன்?

— தோணல.

— அன்னைக்கு அந்த அறைக்குள்ள யார் இருந்தீங்க?

— அக்கா. மருத்துவச்சி மாபெல். நான்.

— குழந்தை யார் கையில இருந்துது?

— குளிருதுங்க. கையைக் குடுங்கன்னா.

— நேர் பதில் சொல்லாம நான் இந்தச் சேத்தைவிட்டு ஏற மாட்டேன். இங்கயே வேர் விட்டு நிக்கிறேன். குழந்தை யார் கையில?

— என் கையில.

— அழுதுதா?

— நீங்கதான் கேட்டீங்களே.

— அமீசியா!

— கத்தாதீங்க. மாபெல் அக்காவோட ரத்தத்தை நிறுத்தப் போராடிக்கிட்டு இருந்தா, அவ முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. குழந்தையைத் துணியில சுத்தி என் கையில குடுத்திருந்தா. நீலமா இருந்தான். தேய்ச்சுப் பாத்தேன், ஊதிப் பாத்தேன். கையெல்லாம் அவ்வளவு சின்னது. அக்கா கண்ணைத் திறந்து, அழுதானான்னு கேட்டா. திரும்பவும் கேட்டா. அப்புறம்... அழுதான்.

— கர்த்தரே. நீ அழுதே.

— அழுகை கேட்டதும் மாபெல் திரும்பினா, நான் குழந்தையை மார்போட அணைச்சுக்கிட்டேன். உயிர் போறதுக்குள்ள ஞானஸ்நானத் தண்ணி ஊத்தணும்னு கத்தினா. நானே தண்ணி எடுத்துக் குடுத்தேன். அவ ஊத்தினா. ஆடம்னு பேரு வச்சோம். அக்கா அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிட்டுத்தான் போனா. இப்ப ஏறறீங்களா?

— அப்ப அக்காவுக்காகத்தான் அழுதியா?

— அப்படியும் வச்சுக்கலாம்.

— அது என்ன அப்படியும்? பேரில்லாம போற குழந்தையைக் கோயில் மதிலுக்கு வெளில புதைப்பாங்களே, அதுக்காகவா?

— அப்படியும் வச்சுக்கலாம்.

— நீ மழுப்பறே. எனக்குத் தெரியும், மழுப்பும்போது உனக்குக் கழியோட நுனியை நோண்டற பழக்கம். கேளு, நானே சொல்றேன். அந்த அழுகையால யாருக்கு லாபம்? அக்காவுக்கு இல்ல, அவ போயிட்டா. உனக்கு இல்ல, உன் நிலம் போச்சு. லாபம் ஒரே ஆளுக்கு. அத்தான்! அத்தானாம், அத்தான். வாயைத் திறந்தா எப்படி இனிக்குது அந்த வார்த்தை!

— வேற எப்படிக் கூப்பிடறது, அக்கா புருஷனை?

— அந்த மனுஷனும் ஏன் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கல? சொல்லு! மூணு ஊர், எல்லாப் பல்லும் அப்படியே இருக்கு, டார்செட்ல இருக்கற எல்லா விதவையும் அவர் பக்கம் திரும்பித்தான் ஜெபம் பண்றாங்க. அவர் மட்டும் வருஷத்துக்கு ஒரு நாள் நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, உன் தட்டுல வாத்துக் கறியை எடுத்து எடுத்து வைக்கிறாரு. இத்தனை நாளா அவர் நிலத்துமேலதான் எனக்குப் பொறாமைன்னு நெனச்சேன். நான் ஒரு முட்டாள். பொறாமைப்பட வேண்டிய இடத்தை விட்டுட்டு மில்லைப் பாத்துப் பொறாமைப்பட்டிருக்கேன்.

— முடிச்சிட்டீங்களா?

— முடிக்கல. நீதிபதிங்க திங்கட்கிழமை டார்செஸ்டர்ல உக்கார்றாங்க. போறேன். அன்னைக்கு நான் கேட்டது குழந்தை இல்ல, என் பொண்டாட்டின்னு சொல்றேன். ஊரே சிரிக்கட்டும், எனக்கு அது பழக்கம்தான். நம்ம மக மார்ஜரிக்குச் சீதனம் வேணும்னு ரெண்டு வருஷமா அந்தப் பையன் வீட்ல கேட்டுக்கிட்டு இருக்காங்க. மூணு ஊரும் உனக்கு வரட்டும். உங்க அத்தான் அந்த மொட்டைக் குன்றுமேல அஞ்சாவது ஆடா போய் நிக்கட்டும்.

— மெதுவா பேசுங்க. அத்தான் வர்றாரு.

— வரட்டும்! இங்கயே சொல்றேன்!

— சகலை! யோவ் சகலை! நீதானா மதகைத் திறந்துவிட்டது? அட, என்னய்யா இது, குளத்துக்கு நடுவுல கொக்கு மாதிரி நிக்கிறே?

— கொக்காவது மீனைப் பிடிக்கும் அண்ணே. நான் விட்டுட்டேன்.

— போகட்டும் விடுய்யா! அங்க பாரு, ஊரே கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடுது. கிழவனுங்க எல்லாம் விலாங்கைப் பிடிக்கப் புல்லுல உருளறானுங்க. நோன்புக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு கூடை மீன் குடுக்கணும்னு நானே நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ முந்திக்கிட்டே.

— பாத்தியா அமீசியா? நான் பண்ணின நாசத்துலகூடப் புண்ணியம் இவருக்குப் போகுது.

— என்ன சொல்றான் இவன்?

— குளிர்ல உளறாரு, அத்தான்.

— பாத்தாலே தெரியுது, உதடு நீலமாயிடுச்சு. கையைக் குடுய்யா, இழுக்கறேன்.

— வேண்டாம் அண்ணே. ஒரு கேள்விக்குப் பதில் வந்தாதான் ஏறுவேன். உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும்.

— நானும் உன்னைத் தேடித்தான் வந்தேன். பூசை முடிஞ்சதும் ஆளைக் காணோம். சரி, நீ கேளு.

— நீங்க ஏன் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கல?

— இதைக் கேக்கவா சேத்துல நிக்கிறே?

— மழுப்பாதீங்க. இந்தக் குடும்பத்துல எல்லாரும் மழுப்பறீங்க.

— மழுப்பலய்யா. ரெண்டு தடவை பொண்ணு பாக்கக் கிளம்பினேன். ரெண்டு தடவையும் கிளம்பறதுக்கு முன்னாடி மாடிக்குப் போய் அந்த அறை வாசல்ல நின்னேன். இன்னொரு குழந்தை அங்க அழுதா, நம்ம பையனோட சத்தம் அழிஞ்சுடும்னு தோணுச்சு. குதிரையை அவுத்துக் கட்டிட்டேன். சிரிக்காதே. அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லன்னு எனக்கும் தெரியும். நான் வேல்ஸ்ல எவனோ ஒருத்தனோட கோட்டை வாசல்ல மழைல நனைஞ்சுக்கிட்டு இருந்தேன். வந்து பாத்தா ரெண்டு குழி. ஹாவிஸாவது என்கிட்ட ரெண்டு வருஷம் பேசியிருக்கா. பையன் பேசினது அவ்வளவுதான். அதையும் நீதான் கேட்டே.

— அண்ணே...

— மாபெல் போயிட்டா. ஃபுல்க் செத்து எவ்வளவோ காலமாச்சு. அமீசியாகிட்ட கேக்கவே மாட்டேன், கேட்டா அவ மூஞ்சி மாறிடுது. மிச்சம் நீ ஒருத்தன்தான்யா. அதனாலதான் வருஷா வருஷம் உன்னைப் பிடிச்சு உக்கார வச்சுக் கேக்கறேன். உனக்குச் சலிச்சுப் போயிருக்கும். எனக்குச் சலிக்கல. சொல்லு. எப்படி அழுதான்?

— அண்ணே, அன்னைக்கு... நான் ஜன்னலுக்குக் கீழ நின்னேன்.

— ஆமா.

— உள்ள... அமீசியா, நீ ஏன் அழறே?

— நான் அழல. கண்ணுல புகை.

— புகை எங்கடி இருக்கு இந்த மைதானத்துல?

— பாத்தியா, இதான் சொன்னேன், இவகிட்ட கேக்க முடியாது. நீ சொல்லுய்யா.

— ரெண்டு சின்ன அழுகை, அண்ணே. நடுவுல ஒரு விக்கல்.

— ஆமா, விக்கல்.

— அப்புறம் நீளமா ஒண்ணு. போன தடவை சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. இப்பத்தான் ஞாபகம் வந்துது.

— என்னது?

— கோபமா அழுதான். பசியும் இல்ல, பயமும் இல்ல. இந்தக் குளிர்ல என்னை எவன்டா எழுப்பினதுன்னு கேக்கற மாதிரி. ஜன்னல் கம்பி அதிர்ந்துது. உங்களை மாதிரியே தொண்டை.

— என்னை மாதிரியா?

— வாரின் வீட்டுத் தொண்டை, சந்தேகமே இல்ல. கீழ நின்ன எனக்கே ஏதாவது தப்புப் பண்ணிட்டமோன்னு பயம் வந்துச்சு. தொப்பியைக் கழட்டினது அதுக்குத்தான்.

— கோபக்காரன். ஹா! கோபக்காரப் பய. கேட்டியா அமீசியா? இத்தனை வருஷம் இதை மறந்திருக்கான் பாரு, உன் புருஷன். யோவ் சகலை, நீ என்கிட்ட என்ன வேணும்னாலும் கேளுய்யா. குளம் வேணுமா? இந்தக் குளத்தையே எடுத்துக்கோ.

— தண்ணி இல்லாத குளத்தை வச்சு நான் என்ன பண்றது அண்ணே?

— அதுவும் சரிதான். நான் போய்க் கயிறும் ரெண்டு ஆளையும் அனுப்பறேன். மத்தியானம் வாத்து இருக்கு. கோபக்காரனாம்... போய்க் கல்லறைல சொல்லிட்டு வர்றேன், அவங்கம்மாகிட்ட.

— போயிட்டாரு.

— போயிட்டாரு.

— ஏன் சொல்லல? திங்கட்கிழமை டார்செஸ்டர் போறவரு ஆச்சே.

— வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த ஆள் மூஞ்சியைப் பாத்தேன். வீட்ல இருக்கறது ஒரு சாமான், அதையும் பிடுங்கிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு. அதுக்குமேல நான் எங்க போக? நம்ம ராசி, மூணு ஊரைத் தட்டுல வச்சு நீட்டினாங்க, நான் தட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு ஜன்னல் கம்பி அதிர்ந்துதுன்னு சொல்லிட்டு நிக்கிறேன். அந்த ஜன்னலுக்குக் கம்பியே கிடையாது.

— தெரியும். நானும் அதைத்தான் நெனச்சேன்.

— நிலம் போகட்டும் அமீசியா. நிஜமாவே போகட்டும். மார்ஜரிக்குப் பாதிரியாரோட மாட்டை வித்துடலாம். ஆனா இந்தக் கேள்வியை மட்டும் நீ எடுத்துக்கிட்டுப் போகாதே. கால் மரத்துப் போச்சு, இப்ப இதுதான் வலிக்குது. அப்படியும் வச்சுக்கலாம், இப்படியும் வச்சுக்கலாம்னு சொல்லாம ஒரு தடவை, ஒரே தடவை நேரா சொல்லு. அவருக்காகத்தானே அழுதே?

— இல்ல.

— பின்ன?

— ஃபுல்க் அன்னைக்கு எந்தக் குதிரையைப் பாக்க வந்தாரு?

— திரும்பவும் கேள்வியா? யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு குதிரை. பாக்காமலே போயிட்டானே.

— அவர் பாக்க வந்தது குதிரையை இல்ல. என்னை. அக்கா பிழைக்க மாட்டான்னு மாபெல் முதல் நாளே சொல்லிட்டா. குழந்தையும் தங்கலன்னா நிலம் எனக்கு வரும், அப்பா இல்லாத வாரிசுப் பொண்ணுன்னு நான் மேல்பிரபு கைக்குள்ள போவேன், அவர் இஷ்டப்பட்டவருக்கு என்னைக் கட்டிக் குடுப்பாரு. ஃபுல்க் விலை பேசி முடிச்சுட்டுத்தான் முற்றத்துல வந்து நின்னாரு. அழுகை கேட்டதும் கள்ளைக்கூடக் குடிக்காம போனாரே, ஏன்? வாரின் அத்தான் சாகற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கற ஒண்ணுமில்லாத பொண்ணு அவருக்கு எதுக்கு?

— கர்த்தரே... அப்ப ஃபுல்க்கிட்ட இருந்து தப்பிக்கத்தான் அழுதியா?

— அதுக்குன்னா கன்னியர் மடத்துக்குப் போயிருப்பேன். அன்னைக்கு எட்டிப் பாத்தேன், ஜன்னலுக்குக் கீழ ரெண்டு பேர் நின்னீங்க. ஒருத்தன் துப்பிட்டுப் போனான். இன்னொருத்தன், நின்ன குதிரைல இருந்து விழுந்துட்டு அதை ஊர் பூரா தானே சொல்லிச் சிரிச்சவன், அதுக்கே எனக்குப் பிடிச்சுப்போனவன், யாரோ பெத்த குழந்தை அழுததுக்குத் தொப்பியைக் கழட்டிட்டு அழுதுக்கிட்டு நின்னான். நிலம் இருந்தா அவனை என் வாசல்லகூட விட்டிருக்க மாட்டாங்க. அந்த மூணு ஊரையும் குடுத்து நான் வாங்கினது உங்களைத்தான்.